புருவத்துக்கு மேலே

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த நிறுவனத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர்களிடம் நான்கு வக்கீல்கள் இருக்கிறார்கள். என்னிடம் இருப்பவை இரண்டு கத்திரிக்கோல். இஸ்தான்புல்லில் முடி நடும் இடங்கள் எத்தனையோ உண்டு, அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபெரிகோய் பகுதியில் இருக்கும் என் சலூனிலிருந்து நடந்தால் பத்து நிமிடம். கோபத்தில் நடந்தால் ஏழு. நான் இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறேன்.

பதினோரு மாடி, முழுக்கக் கண்ணாடி. லண்டனிலிருந்தும் மிலானிலிருந்தும் வழுக்கைத் தலைகள் விமானத்தில் வந்து இறங்கும். மூன்றாம் நாள் நெற்றியில் கறுப்புப் பட்டியும் மண்டையெல்லாம் சிவப்புப் புள்ளியுமாக, கையில் ஆளுக்கொரு சிமித் ரொட்டியைக் கடித்துக்கொண்டு எங்கள் தெருவில் போகும். நாய்கள்கூட இப்போது குரைப்பதில்லை. முப்பத்தோரு வருடமாக முடி வெட்டுகிறேன். அங்கே வெள்ளைக் கோட்டுக்காரர்கள் கையில் இருக்கும் மெஷினும் என் மெஷினும் ஒரே கம்பெனி. இதைச் சொன்னால், "ஃபெத்திக்குப் பொறாமை" என்பார்கள். பொறாமைதான். இல்லை என்று யார் சொன்னது?

ஷெவ்கெத் அண்ணனுக்கு ஐம்பத்து நான்கு வயது. உஸ்குதாருக்கும் பெஷிக்தாஷுக்கும் நடுவே ஓடும் பயணிகள் படகில் வடம் வீசுகிறவர். படகு துறையை நெருங்கும்போது கயிற்றை எறிந்து கட்டையில் மாட்டுவது அவர் வேலை. முப்பது வயதிலேயே உச்சி காலியாகிவிட்டது. பிடரியிலும் காதோரத்திலும் மட்டும் கருகருவென்று நல்ல முடி. அதைத் திருத்த மாதம் ஒருமுறை என்னிடம் வருவார். வெட்டும் நேரத்தைவிட டீ குடிக்கும் நேரம் அதிகம்.

போன பிப்ரவரியில் அவருக்கு நெஞ்சுவலி வந்து, அரசு மருத்துவமனையில் ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஒரு நர்ஸ் அவர் மனைவி நாஸ்மியே அக்காவிடம், "இந்தாம்மா, அப்பாவோட மாத்திரைச் சீட்டு" என்று நீட்டியிருக்கிறாள். அக்காவுக்கு அவரைவிட ஆறே வயதுதான் குறைவு. அக்கா அதைத் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு என் கடை நாற்காலியில் உட்கார்ந்தால் கண்ணாடியைப் பார்க்கமாட்டார், தரையைப் பார்ப்பார்.

அந்தச் சமயத்தில்தான் நிறுவனம் "நகரத்துக்கு நன்றி" என்று ஒரு திட்டம் அறிவித்தது. நகரத் தொழிலாளர்களில் ஒருவரைக் குலுக்கலில் எடுத்து, இலவசமாக முடி நட்டுவிடுவார்களாம். குலுக்கினார்கள். ஷெவ்கெத் அண்ணன் பெயர் வந்தது. மனிதர் படகுத்துறையிலிருந்து என் கடைவரை தொப்பி இல்லாமல் நடந்து வந்தார். இருபத்து நான்கு வருடத்தில் முதல்முறை.

மறுநாள் ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே "தலைத் தயாரிப்பு ஒழுங்குமுறை", பதினோரு பக்கம். பிடரி முடியை வெட்டக் கூடாது. சிகிச்சை நாளில் அது சரியாகப் பன்னிரண்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டும். சாராயம், சிகரெட், பூண்டு, பச்சைத் தேநீர் கூடாது. தலைவழியாகக் கழற்றும் உடுப்பு கூடாது, பொத்தான் வைத்த சட்டைதான். கடலைப் பார்த்து நிற்கக் கூடாது, உப்புக்காற்று வேர்க்காலைக் கலவரப்படுத்தும். இது படகுக்காரருக்கு. இதையெல்லாம் கண்காணிக்க ஒரு "முடிப் பொறுப்பாளர்" வேண்டும், அவர் தொழில்முறை நாவிதராக இருக்க வேண்டும். அண்ணன் என் பெயரை எழுதிவிட்டார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஒன்பதாம் விதி: இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளைச் சிகிச்சைக்குப் பத்து நாள் முன்பே நிறுத்த வேண்டும்.

நாஸ்மியே அக்கா அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார்.

"இதய டாக்டர் என்ன சொன்னாரு? ஒரு வருஷத்துக்கு ஒரு நாள்கூட விடாதன்னாரா இல்லையா? ஃபெத்தி, நீயே கேளு இவர."

"பத்தே பத்து நாளுடி. அவங்களும் டாக்டர்தானே."

"எனக்கு முடி வேணாம். எனக்கு நீ போதும்."

"உனக்குப் போதும். அந்த நர்ஸுக்குப் போதலையே" என்றார் அண்ணன்.

நானும் அவரும் நிறுவனத்துக்குப் போய்க் கேட்டோம். தயாரிப்புத் துறை இயக்குநர் பெர்ரின் அம்மையார் எங்களை ஒன்பதாம் மாடியில் வரவேற்றார். முதுகை நிமிர்த்தி, மேடையில் நிற்பவர் போலத்தான் எப்போதும் பேசுவார். அந்த மாடியில் எல்லோருமே அப்படித்தான்.

"உங்க இதயத்தை நாங்க ரொம்ப மதிக்கிறோம், ஷெவ்கெத் ஐயா. ஆனா அது எங்க பிரிவு இல்ல. இந்தக் கட்டடத்துல புருவத்துக்கு மேலதான் எங்க பொறுப்பு. கீழ நடக்குறதுக்கு வேற நிறுவனங்க இருக்கு. அவங்கவங்க எல்லையில அவங்கவங்க நின்னிருந்தா இந்த நாடு எங்கயோ போயிருக்கும்."

"ஒரு நாள்கூட விடக்கூடாதுன்னு அந்த டாக்டர் சொல்லியிருக்காரே, மேடம்?" என்றேன்.

"அவரு எல்லைக்குள்ள அது சரி. எங்க எல்லைக்குள்ள பத்து நாள் விடணும். ரெண்டும் சரிதான். இதுல சண்டை எங்க வந்துச்சு?"

அவர் சொல்லும்போது சண்டை எங்கேயும் இல்லாதது போலத்தான் இருந்தது. ஒரு தாளை நீட்டினார். மாத்திரை நிறுத்தப்பட்டது, கீழே முடிப் பொறுப்பாளர் சாட்சிக் கையெழுத்து. நான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் என் முழங்கையைத் தட்டி, "போடுப்பா ஃபெத்தி" என்றார். போட்டேன்.

பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடியது. நாஸ்மியே அக்கா மாத்திரை அட்டையைச் சாப்பாட்டு மேசையிலிருந்து எடுக்கவே இல்லை. உப்புக்கும் மிளகுக்கும் நடுவில் அது கிடந்தது. அண்ணன் அதைத் தள்ளிவைத்துவிட்டுச் சாப்பிடுவார்.

ஒன்பதாம் நாள் நிறுவனத்திலிருந்து அழைப்பு. கோப்பில் விமான எண் இல்லையாம். அவர்களுடைய கணினிக்குத் தலை என்றால் விமானத்தில் வருவது. வந்து இறங்காத தலைக்கு அறை இல்லை, படுக்கை இல்லை, மருத்துவர் இல்லை.

"நான் பக்கத்துத் தெருவுலதான் இருக்கேன், மேடம். நடந்தே வந்துடுவேனே" என்றார் அண்ணன்.

"நடந்து வர்றதுக்கு எங்க கணினியில கட்டம் இல்ல" என்றார் பெர்ரின் அம்மையார். "விமான நிலையத்துக்குப் போய் நில்லுங்க. எங்க ஆளு உங்களை வரவேற்பாரு."

போனோம். பேருந்தில் ஒன்றரை மணி நேரம். பொறுப்பாளர் உடன் போயாக வேண்டும் என்பதால் கடைக்குப் பூட்டு. வருகைக் கதவுக்கு எதிரே கோட்டு சூட்டு போட்ட ஒருவர் "திரு. ஷெவ்கெத்" என்ற அட்டையோடு நின்றிருந்தார். அண்ணன் போய்ப் பின்னாலிருந்து அவர் தோளைத் தொட்டார்.

"நான்தாங்க ஷெவ்கெத்."

"இருக்கலாம். ஆனா நீங்க பின்னாடியிருந்து வந்தீங்க. விருந்தாளி முன்னாடியிருந்து, கதவு வழியாத்தான் வரணும்."

"அட்டையில என் பேருதானே இருக்கு?"

"பேரு இருக்கு, ஆளு வரலையே" என்று அவர் மறுபடியும் கதவைப் பார்த்தபடி நின்றுகொண்டார். நாங்களும் பக்கத்திலேயே நின்றோம். மூன்று பேருமாக ஷெவ்கெத் அண்ணனுக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். வரவில்லை என்று எழுதிக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார்.

அடுத்த தேதி பன்னிரண்டு நாள் கழித்து. "அதுவரைக்கும் மாத்திரை சாப்பிடட்டுமா?" என்று அண்ணன் தொலைபேசியில் கேட்டார். "தாராளமாச் சாப்பிடலாம். சாப்பிட்டா மறுபடி முதல்லேர்ந்து பத்து நாள் எண்ணணும், தேதி போயிடும். முடிவு உங்களோடது. நாங்க யாரையும் வற்புறுத்துறதில்ல" என்றார் அம்மையார். அண்ணன் சாப்பிடவில்லை.

இரண்டாம் தடவை, கையிலிருந்த லீராவைப் போட்டு அங்காராவுக்கு விமானத்தில் போய், அடுத்த விமானத்திலேயே திரும்பினார். வாழ்க்கையில் முதல் விமானம். "ஃபெத்தி, மேகத்தை மேலேர்ந்து பார்த்தேன்யா, நம்ம கடல் நுரை மாதிரியே இருக்கு" என்று என்னை உலுக்கி உலுக்கிச் சொன்னார். முகம் மலர்ந்திருந்தாலும் உதடு வெளிறியிருந்தது. உள்நாட்டு வருகைக் கதவு வழியாக முறையாக, முன்னாலிருந்துதான் வந்தார். அட்டைக்காரரோ வெளிநாட்டு வருகைக் கதவில் நின்றார். எங்கள் விருந்தாளி உள்நாட்டிலிருந்து வரமாட்டார் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு நான் ஒன்பதாம் மாடிக்கு ஏழு நிமிடத்தில் போனேன். மேசையைத் தட்டினேன். கத்தினேன். பெர்ரின் அம்மையார் எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, கணினியில் ஏதோ தேடி, திடீரென்று முகம் மலர்ந்தார்.

"கடல் வழின்னு ஒரு கட்டம் இருக்கு! உல்லாசக் கப்பல் விருந்தாளிக்காகப் போட்டது. ஷெவ்கெத் ஐயா எங்க வேலை பாக்குறாரு? உஸ்குதார்லேர்ந்துதானே படகு வருது? உஸ்குதார் ஆசியா. பெஷிக்தாஷ் ஐரோப்பா. அவரு கண்டம் விட்டுக் கண்டம் வர்றாரு! அவரை மாதிரி தினம் இருபது தடவை வெளிநாட்டுலேர்ந்து வர்ற ஆளு எங்க கோப்புலயே இல்ல."

இதைச் சொல்லிவிட்டு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பத்தொன்பது வருடச் சேவையில் இதுதான் தன் சிறந்த நாள் என்றார்.

முப்பத்து நான்காம் நாள். மாத்திரை நிறுத்தியதிலிருந்து எண்ணுகிறேன். வடகாற்று அடித்துக்கொண்டிருந்தது. பெஷிக்தாஷ் துறையில் அட்டைக்காரர், நிறுவனத்தின் கேமராக்காரர், நான். படகு நெருங்கியது. அண்ணன் தானே வடத்தை எறிந்தார். முதல் வீச்சு தண்ணீரில் விழுந்தது. இருபத்தெட்டு வருடத்தில் அவர் கயிறு தண்ணீரில் விழுந்து நான் கேள்விப்பட்டதில்லை. இரண்டாவது வீச்சைக் கட்டையில் மாட்டிவிட்டு, மேலங்கியைக் கழற்றிக் கூட்டாளியிடம் கொடுத்து, பொத்தான் சட்டையோடு கரையில் கால் வைத்தார். படகுக்காரர்கள் கைதட்டினார்கள். கேப்டன் ஊதினார். அட்டைக்காரர் குனிந்து, ஆங்கிலத்தில், இஸ்தான்புல்லுக்கு நல்வரவு என்றார். அண்ணன் கட்டையில் சாய்ந்து மூச்சு வாங்கினார்.

"என்னண்ணே?"

"காத்துடா. ஒண்ணுமில்ல. இவ்வளவு தூரம் வந்தாச்சு, இனிமே வாயை மூடு."

வாயை மூடினேன்.

விருந்தாளி சிகிச்சைக்கு முந்தின இரவு ஹோட்டலில் தங்க வேண்டும். அவர்கள் கொடுத்த ஆறாம் மாடி அறையின் ஜன்னலிலிருந்து அவர் வீட்டுத் துணிக்கொடி தெரிந்தது. அண்ணன் தொலைபேசியில் அக்காவை மாடி முகப்புக்கு வரச் சொல்லிக் கையாட்டினாராம். அக்கா பதிலுக்கு மாத்திரை அட்டையைத் தூக்கிக் காட்டினாராம்.

காலையில் நிறுவனத்தில் தலையை மூன்று முறை கழுவினார்கள். பிடரியை அளந்தார்கள், பன்னிரண்டு. பெர்ரின் அம்மையார் என் கையைக் குலுக்கினார். பிறகு முடி நடப்போகும் டாக்டர், பேராசிரியர், வந்தார். கூடவே மொழிபெயர்ப்பாளர் ஜெலால், ஐம்பது வயதுக்காரர், ஜெர்மன்காரர்களுக்குப் பதினோரு வருடமாகப் பேசியவர். பேராசிரியர் விருந்தாளியிடம் நேரடியாகப் பேசுவதில்லை, அது விதி. மூன்று பேருமே எங்கள் துருக்கிதான் பேசினார்கள்.

"ராத்திரி தூங்கினாரான்னு கேளுங்க" என்றார் பேராசிரியர்.

ஜெலால் அண்ணன் பக்கம் திரும்பினார். "ராத்திரி தூங்கினீங்களான்னு கேக்குறாரு."

"இல்லைங்க. மூச்சு முட்டுது."

"தூங்கலையாம் சார். மூச்சு முட்டுதாம்."

"முடியைப் பத்தி ஏதாவது சொல்றாரா?"

"முடியைப் பத்தி ஏதாவது சொல்றீங்களா?" என்று கேட்டபோது ஜெலால் தரையைப் பார்த்தார்.

அண்ணன் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "முடி தொடங்குற கோட்டை வழக்கத்தைவிட ரெண்டு விரல் மேலயே போடச் சொல்லுங்க. நான் சின்னப் பையன் இல்ல. வயசுக்கு ஏத்த மாதிரி இருந்தாப் போதும். என் பொண்டாட்டி பக்கத்துல நின்னா அவ புருஷன்னு தெரிஞ்சாப் போதும்."

ஜெலால் ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். பேராசிரியர் சிரித்தார்.

"இந்த நிறுவனத்துக்குன்னு ஒரு கோடு இருக்கு. உலகத்துல எங்க பார்த்தாலும் இது நம்ம தலைன்னு தெரியணும். ஆளுக்கு ஆளு கோடு மாறினா அப்புறம் நாங்க யாரு?"

ஊதா மைப்பேனாவை எடுத்து, புருவத்துக்கு மேலே நான்கே விரல் விட்டு, இருபது வயதுப் பையனுக்குரிய கோட்டை ஒரே இழுப்பில் இழுத்தார். கேமரா மின்னியது. அண்ணன் இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டார்.

"நெஞ்சு வலிக்குது" என்றார். இதை யாரிடமும் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னார்.

ஜெலாலின் முகம் மாறியது. "சார், ஆம்புலன்ஸ் கூப்பிடணும்."

"விருந்தாளி ஆம்புலன்ஸ் கேக்குறாரா?" என்றார் பெர்ரின் அம்மையார்.

"இல்ல மேடம், நான் சொல்றேன்."

"ஜெலால், மொழிபெயர்ப்பாளர் சொந்தமாப் பேசக்கூடாது. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

ஜெலால் வேலையை மறந்து கத்தினார், நானும் கத்தினேன். நான்தான் தொலைபேசியில் அவசர எண்ணை அடித்தேன். வண்டி சீக்கிரமே வந்தது. ஆனால் முன் கூடத்தில் மிலானிலிருந்து வந்த குழு ஆரஞ்சுச் சாறு குடித்துக்கொண்டிருந்ததால், படுக்கையைச் சலவைத்துணி ஏற்றும் பின்பக்க லிஃப்டுக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார்கள். அந்த லிஃப்ட் மாடிக்கு மாடி நின்றது. ஏழாம் மாடியில் ஒருத்தி துண்டுக் குவியலோடு ஏறப் பார்த்தாள். அண்ணன் என் கையைப் பிடித்திருந்தார். வண்டியில் ஏற்றி இரண்டு தெரு தாண்டுவதற்குள் பிடி தளர்ந்தது.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சொல்வார்கள். எங்கள் தெருவில் தலைப்பாகைக்கு வந்தது தலையோடு போயிற்று.

மருத்துவமனை நடைகூடத்துக்குப் பெர்ரின் அம்மையார் கறுப்புச் சால்வை போர்த்திக்கொண்டு, கோப்போடு வந்தார்.

"மனசு தாங்கல, ஃபெத்தி ஐயா. ஆனா ஒரு ஆறுதல். சிகிச்சை தொடங்கவே இல்ல. ஒரு ஊசிமுனைகூட அவரு மேல படல. பத்தொன்பது வருஷமா எங்க சிகிச்சையில ஒரு உயிர் போனதில்ல, இன்னிக்கும் அந்தப் பேரு அப்படியே நிக்குது. தயாரிப்புன்னு பார்த்தா, இவ்வளவு முழுசாத் தயாரான தலையை நான் பார்த்ததில்ல. மத்தவங்க பத்து நாள் விடுறதுக்கே அழுவாங்க, இவரு முப்பத்து நாலு நாள். புதுசா வர்ற ஊழியர்களுக்கு இதைப் பாடமா வைக்கப்போறோம்." பிறகு கோப்பைத் திறந்து ஒரு தாளைத் தொட்டார். "மாத்திரை நிறுத்தினதுக்குச் சாட்சி நீங்கதான். யாராவது கேட்டா நாங்க உங்க பேரைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். தப்பா நெனச்சுக்காதீங்க."

என் கையெழுத்து அழகாக இருந்தது. அவரை அறையலாம் என்று கை எழுந்தது. அது அந்தக் கையெழுத்தைப் போட்ட அதே கை. இறக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை, உடல் கழுவும் இடத்தில் நானும் உள்ளே போனேன். கழுவுகிறவர் வயதானவர், பொறுமைசாலி. மூன்று முறை தண்ணீர் ஊற்றினார், சோப்புப் போட்டார், நெற்றியை மட்டும் திரும்பத் திரும்பத் தேய்த்தார்.

"இது என்னய்யா? போக மாட்டேங்குது."

நான் கடைக்கு ஓடி எலுமிச்சைக் கொலோன் குப்பியை எடுத்து வந்தேன். சவரம் முடிந்ததும் எல்லார் முகத்திலும் தடவுவேனே, அதுதான்.

"அதுல சாராயம் இருக்கு, ஆகாதுய்யா" என்றார் அவர். என் முகத்தைப் பார்த்தார். பிறகு, வாளியில் தண்ணீர் பிடிக்க வேண்டும் என்று வெளியே போய்விட்டார்.

பஞ்சில் நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். வலப்பக்கம் கொஞ்சம் மங்கியது. அதற்குள் கடைசியாக முகம் பார்க்க நாஸ்மியே அக்காவை அழைத்து வந்துவிட்டார்கள். அக்கா அழவில்லை. குனிந்து அந்த ஊதாக் கோட்டைப் பார்த்தார். ஒரு விரலால் அதை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை தொட்டுக்கொண்டே போனார்.

"இவ்வளவு கீழயா கேட்டாரு?"

"இல்லக்கா. அவரு இதுக்கு ரெண்டு விரல் மேலதான் கேட்டாரு. உன் பக்கத்துல நின்னா உன் புருஷன்னு தெரிஞ்சாப் போதும்னாரு. இது அவங்க போட்டது."

அக்கா நிமிர்ந்தார்.

"அப்ப அழி. அவங்க கோட்டோட என் புருஷன் போகக் கூடாது. அழி ஃபெத்தி."

அழித்தேன். தொழுகைக்கு அழைப்பு வந்துவிட்டது, வெளியே படகுக்காரர்கள் பெட்டியைத் தூக்க வரிசையாக நின்றார்கள், நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அக்கா நெற்றியைப் பிடித்துக்கொண்டார், அசையக் கூடாது என்பதுபோல. குப்பி தீர்ந்தது. இடப்பக்கத்தில் ஒரு விரல் நீளம் மட்டும் கடைசிவரை போகவில்லை. அப்படியேதான் துணியால் மூடினோம்.